சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மெயின்

பக்கத்து ஷெட்டில் சிமெண்ட் குழைக்கிறார்கள். காலையிலிருந்து அந்த ஈர வாசனை என் மேசை வரைக்கும் வந்துகொண்டே இருக்கிறது. ஷெட்டை நடுவில் பிரித்துச் சுவர் வைக்கிறார்களாம். ஏதோ சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம், அதற்குள் ஆள் கணக்கைக் குறைத்துக் காட்ட வேண்டுமாம். அந்த முதலாளி நேற்று என்னிடம் வந்து, "எல்லாம் உங்க ஊட்டுக்காரரு பண்ண ஐடியாதான்க்கா" என்று பல்லைக் காட்டினார். படிக்க நீங்கள் இல்லை என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நம் சுவர் ஞாபகம் இருக்கிறதா? அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்த ஷெட்டைப் பிடித்தபோது உங்களுக்கு இருந்த பூரிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதுவரை பெரிய கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னராக இருந்து, யூனியன் கொடி பிடித்து, கேட்டில் நின்று தொண்டை வற்றக் கத்தியவர் நீங்கள். முதலாளியான பிறகு பேப்பரில் எந்தச் சட்டம் வந்தாலும் உங்கள் முகம் சுருங்கும். போனஸ் சட்டம் வந்தது, பிறகு காண்டிராக்ட் ஆட்களுக்கு ஒன்று, பிறகு கிராஜுவிட்டி. "நம்மள உயிரோட உட மாட்டானுங்க" என்பீர்கள். கொடி பிடித்த கையை எங்கே வைத்தீர்கள் என்று நான் கேட்டால், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவீர்கள்.

கரண்ட் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தால் அது ஃபாக்டரி. இன்ஸ்பெக்டர் வருவார், மிஷினுக்கெல்லாம் கம்பி வலை போடச் சொல்வார். நம்மிடம் பதினாறு பேர். அதனால் பக்கத்துக்கு எட்டுப் பேராகக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பினீர்கள். இந்தப் பக்கம் உங்கள் கம்பெனி, அந்தப் பக்கம் என் கம்பெனி. வாசலில் என் பெயரைப் போட்டு ஒரு பலகை மாட்டிய பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். எஸ்டேட்டில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். பெண்டாட்டிகளெல்லாம் ஒரே வருடத்தில் முதலாளிகளானோம்.

ஆனால் மோட்டார் ஒன்றுதான். அது உங்கள் பக்கம். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட், சுழலும் இரும்புத் தண்டு, சுவரைத் துளைத்துக்கொண்டு என் பக்கம் வரும். அதில் பெல்ட் மாட்டித்தான் என் பக்கத்து டிரில்லிங் மிஷின்கள் ஓடின. மோட்டாரை நிறுத்தும் மெயின் சுவிட்சும் உங்கள் பக்கம்தான். கம்பெனியைப் பிரித்த நமக்கு அதைப் பிரிக்கத் தோன்றவில்லை.

அது ஒரு சம்பள நாள் என்பதால் நானும் ஷெட்டுக்கு வந்திருந்தேன். சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பவுனு, டிரில்லிங் மிஷினில் நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா மொதலாளிம்மா, புதுப் பொடவையா?" என்றாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவளுடைய முந்தானையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது.

நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். இன்னொருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். "மெயின அணை! மெயின அணை!" என்று எல்லோரும் சுவரைப் பார்த்துக் கத்தினோம். மிஷின் சத்தத்தில் உங்கள் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் வெளியே ஓடி, ஷெட்டைச் சுற்றி, உங்கள் வாசல் வழியாக உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த நேரத்துக்குள் பவுனுவின் வலது கை உள்ளே போய்விட்டது. எலும்பு முறியும் சத்தத்தை நான் கேட்டேன். இதை உங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை.

உயிர் தப்பியது. இன்ஸ்பெக்டருக்கு யார் சொன்னார்களோ, அடுத்த வாரமே வந்துவிட்டார். அவர் வருவதற்கு முன்பு நீங்கள் என்னை நிற்க வைத்துப் பாடம் எடுத்தீர்கள். "பயப்படாதே. இது என் கம்பெனி, அது அவரு கம்பெனி, ரெண்டுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லு. வேற வாயத் தொறக்காதே. கவுத்துட்டீன்னா எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்." சொல்லிக்கொண்டே வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தீர்கள். எனக்கும் பயம்தான். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடுகிறவர் இல்லை. ஷாஃப்டை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தக் கம்பெனி முதலாளி நீங்களாம்மா?"

"ஆமா சார்."

"அப்போ உங்க மிஷினை நிறுத்துங்க. பாக்கலாம்."

நான் நகரவில்லை. எங்கே போவேன்? உங்களைப் பார்த்தேன், நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். மிஷின்களுக்கு முன்னால் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பவுனுவின் இடம் காலியாக இருந்தது.

"என்னால நிறுத்த முடியாது சார். மெயின் அந்தப் பக்கம் கீது" என்றேன். நீங்கள் "சரோஜா" என்று பல்லைக் கடித்தீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ, உங்களைப் பார்த்தே சொன்னேன்: "நான்தானே மொதலாளி? பலகையில அப்படித்தானே எழுதிக் கீது? அப்போ நான் சொல்றேன், இந்தச் செவுத்த இடிங்க."

இரண்டு பேர் மீதும் கேஸ் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நாம் ஜோடியாக நின்றது அந்தக் கோர்ட்டில்தான். அபராதம் கட்டினோம், ஒரே ஃபாக்டரியாகப் பதிவு செய்தோம், பெல்ட்டுக்குக் கம்பி வலை வந்தது. தெருவில் யாரும் நிற்கவில்லை. சுவரை ஆட்களை விட்டு இடிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே சம்மட்டி எடுத்து இடித்தீர்கள். நான் சோறு கொண்டுவந்தபோது முகமெல்லாம் புழுதியாக உட்கார்ந்திருந்தீர்கள். அதுவரை என்னோடு பேசாதிருந்தவர், "பவுனு வந்தா இன்னா வேல குடுக்கறது?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்காகவே உங்களை மன்னித்தேன். மன்னித்ததையும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பவுனுவின் கை பாதிதான் மடங்கும். ஆனாலும் காலையில் மெயினைப் போடுவதும் சாயங்காலம் அணைப்பதும் அவள்தான். நீங்கள் கொடுத்த வேலை அது. நீங்கள் போன அன்று துக்கத்துக்காக ஷெட்டை மூடியபோதும் அவள்தான் அணைத்தாள்.

பக்கத்து ஷெட்டில் சுவர் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. கொஞ்சம் முன்பு பவுனுவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். புதுச் சுவரைப் பெருமையாகத் தட்டிக் காட்டிய அந்த முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"மெயின் எந்தப் பக்கம் வருது தம்பி?"

அவர் தட்டிய கையைச் சுவரிலிருந்து எடுத்தார். பவுனுவின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.