தராசு வாங்கிய அக்டோபர்

8 அக்டோபர் 1994, சனி

காலையிலிருந்து மழை. துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போகவில்லை. சின்ன அறையில் உட்கார்ந்து தோட்டா நிரப்பும் வேலை. சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளில் புது வெடிமருந்து, புதுக் குண்டு. கடையில் வாங்குவதைவிடக் குறி சுத்தமாக விழும். மருந்து நிறுக்கும் பழைய தராசோடுதான் மல்லுக்கட்டு. முள் ஆடி நிற்பதற்குள் உயிர் போகிறது. மூச்சு விட்டால் மறுபடி ஆட்டம். கண் வேறு முன்பு போல் இல்லை.

மார்கரெட் போனில்: "மலர், டிஜிட்டல் ஒன்று வாங்கு. ஆனால் பார்த்து வாங்கு." கிளப்பில் என்னைத் தவிர இருக்கும் ஒரே பெண். அவள் சொன்னால் கேட்பேன்.

சிவா கீழே பேப்பர் வாசிக்கிறார். இந்த அறைப் பக்கமே வர மாட்டார். கல்யாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்: "நீர் சுடும், நான் மறிக்கேல்லை. ஆனா அந்த மணம் எனக்கு வரக்கூடாது." யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டு முற்றத்தில் ஷெல் விழுந்தது. இடது காது அன்றோடு போனது. நானோ கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்த இடத்தில், காலேஜ் கிளப்பில் விளையாட்டாகத் துப்பாக்கி பிடித்தவள். அவர் இடத்தில் நான் இருந்தால் விட்டிருப்பேனா? தெரியாது.

வாங்க வேண்டியவை: ஜன்னல் பூட்டுக்கு எண்ணெய், கத்தரிக்காய், அவர் சட்டைக்குப் பட்டன்.

15 அக்டோபர், சனி

வெயில், ஆனால் குளிர். வெம்பிளி கடைத்தெரு, சிவாவும் கூட வந்தார். சமையல் தராசு இரண்டு பார்த்தேன். மாவு நிறுக்கத்தான் லாயக்கு. பிறகு நகைக்கடை. கடைக்கார குஜராத்தி அண்ணாச்சி நல்ல மனுஷர், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசைத் தொட்டுப் பார்க்க விட்டார். என் மோதிரத்தை வைத்துக் காட்டினார். அழகு. ஆனால் பொன்னுக்குப் போதுகிற நுணுக்கம் மருந்துக்குப் போதாது. கொஞ்சம் கூடினாலும் துப்பாக்கி என் முகத்திலேயே வெடிக்கும்.

எதற்கு என்று கடைக்காரர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் சிவா பட்டென்று, "மருந்து நிறுக்க" என்றார். நான் நாட்டு வைத்தியம் பார்க்கிறவள் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார் போல. மூட்டுவலிக்கு ஏதாவது உண்டா என்றார்.

கார் வரைக்கும் சிரிப்பு. சிவா இப்படிச் சிரித்து நாளாச்சு.

22 அக்டோபர், சனி

துப்பாக்கிக் கடை. ஊருக்கு வெளியே, ரயிலில் போய் ஒரு பஸ். "நீங்க வர வேணாம், நான் போயிட்டு வர்றேன்" என்றேன். "இல்லை, வாறன்" என்றார். ஆனால் கடை வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே சுவர் முழுக்கத் துப்பாக்கி.

மேசையில் இரண்டு தராசு. ஒன்று சின்னது, பேட்டரி, கைக்கு அடக்கம். மற்றது பெட்டி மாதிரி, பிளக்கில் போட வேண்டும். எனக்குச் சின்னது பிடித்தது. விற்கிறவனும் அதையே தள்ளினான். குழம்பிப்போய்த் திரும்பினால் பக்கத்தில் சிவா! சுவருக்கு முதுகைக் காட்டி, கண்ணை மேசையிலிருந்து எடுக்காமல்.

"இந்தப் பெரிசோடை சோதிக்கிற கல்லுத் தாறாங்கள். மற்றதுக்கு இல்லை."

"சின்னதும் சரியாத்தான் காட்டுது."

"சரியெண்டு அது தானே சொல்லுது? பொய் சொன்னா ஆரிட்டைக் கேப்பீர்?"

பெரியதையே வாங்கினோம். பஸ்ஸில் அவர் கை சில்லென்று இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

29 அக்டோபர், சனி

வரிசையாக எழுதுகிறேன்.

நாளைய போட்டிக்காக மத்தியானம் நிரப்ப உட்கார்ந்தேன். புதுத் தராசு, பச்சை எண்கள், வேலை பறந்தது. குளிராக இருந்ததால் மேசை ஓரத்தில் ஊதுகிற ஹீட்டரைப் போட்டேன். பெட்டி கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.

நவம்பர் ஐந்து வெள்ளைக்காரர்களின் வாணவேடிக்கை நாள்; தெருவில் பையன்கள் இப்போதே பட்டாசு கொளுத்த ஆரம்பித்தார்கள். மாடிப்படியில் காலடிச் சத்தம். சிவா தேநீரோடு கதவருகில். வீடு வாங்கியதிலிருந்து இந்தக் கதவுக்கு வந்ததில்லை. கீழே தனியாக இருக்க முடியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னது வேறு.

"மலர், அதிலை ஒண்டும் இல்லையே. பின்னை ஏன் இலக்கம் ஓடுது?"

பார்த்தேன். வெறும் தட்டு. எண் சைபருக்குக் கீழே மெல்ல நழுவிக்கொண்டிருந்தது.

சோதனை எடைக்கல்லை வைத்தேன். எடையைக் குறைத்துக் காட்டியது. அப்படியென்றால் நான் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். ஹீட்டர் காற்றின் வேலை. எந்தத் தோட்டாவிலிருந்து பிசகியது? தெரியாது. நாளைக் காலை அதைத்தான் துப்பாக்கியில் போட்டு, கன்னத்தோடு அணைத்துச் சுட்டிருப்பேன்.

"எல்லாத்தையும் பிரிக்கணும்" என்றேன்.

"பிரிச்சுப் போடும். நான் இதிலை இருக்கிறன்."

வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூக்கில் கைக்குட்டை. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவர் ஏதேதோ கதைத்துக்கொண்டே இருந்தார்: வேலை இடத்து ஷிப்ட் சண்டை, பக்கத்து வீட்டுப் பூனை, என் ரசத்தில் புளி கூடுகிறதாம். வெளியே ஒவ்வொரு வெடிக்கும் பேச்சு நின்றது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. எழுந்து போகவில்லை. கடைசித் தோட்டா பிரியும்வரை போகவில்லை.

30 அக்டோபர், ஞாயிறு

போட்டிக்குப் போகவில்லை. வருத்தமும் இல்லை. மார்கரெட்டிடம் சொன்னேன். அவள்: "தராசை ஊதுகாற்றில் வைக்காதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உன் புருஷனுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு."

கொடுத்தேன். யார் சார்பில் என்று சொல்லவில்லை.

கண்ணாடியில் என் முகத்தை நிறைய நேரம் பார்த்தேன். இரண்டு கண். கடவுளே, நன்றி.

ரசத்தில் புளி குறைத்தாச்சு.

5 நவம்பர், சனி

தூறல், ஆனாலும் இருட்டியதும் ஊர் முழுக்க வாணவேடிக்கை. திரைச்சீலையை இழுத்து விட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினேன். சிவா கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு கூச்சத்தோடு:

"சுடேக்கை நீர் காதிலை கொழுவுற சாமான்... அது எனக்கும் ஏலுமோ?"

சத்தம் அடைக்கும் காதுக்கவசம் இரண்டு ஜோடி இருந்தன. அவருக்கு ஒன்று மாட்டினேன், எனக்கும் ஒன்று. சோபாவில் பக்கத்தில் பக்கத்தில், டிவியில் யாரோ வாயசைக்க, சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜன்னல் ஓரம் சிவப்பும் பச்சையும் பளிச்சிட்டன. அவர் தோள் தளர்ந்திருந்தது.

திடீரென்று என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். கேட்கவில்லை. என் காதிலிருப்பதைத் தூக்கினேன்.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்டுமில்லை. போடும், போடும். நல்லாயிருக்கு."