முதுகுப் பக்கத்துக் குளிர்

பொம்மனஹள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் தாரணிக்கு அம்மா எழுதுவது. அங்கே நீ உடம்பும் மனசும் திடமாக இருக்கவேண்டும், இங்கே எல்லோரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்து படி. உன் சித்தி மகன் கேசவ் போய்விட்டான்டி. உன் ஆபீஸுக்குப் போன் போட்டால், மலைப்பாதை பனியில் அடைத்திருக்கிறது, கேம்ப்பில் சிக்னல் இல்லை, யாராவது மேலே போனால்தான் சேதி போகும் என்று கையை விரித்துவிட்டார்கள். அதனால்தான் உன்னோடு வேலை பார்க்கிற, பாதை திறந்ததும் மேலே வரப்போகிற ரக்ஷிதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது உன் பழைய ஊஞ்சல் படுக்கையை, மரத்துக்கு மரம் கட்டித் தூங்குவாயே, அதை அவனுக்குக் கொடுத்தாய் அல்லவா, அதை எடுத்துக்கொண்டு கம்பெனிப் பையன்களோடு சக்லேஷ்புர் பக்கம் காபித் தோட்டத்துக்குப் போனான். முதல் ராத்திரி ரெண்டு கம்பளி போர்த்தியும் முதுகு விறைத்துத் தூக்கமே இல்லையாம். மேலே எவ்வளவு போர்த்தினால் என்ன, தொங்குகிற துணிக்கு அடியில் வெறும் காற்றுதானே. அவன் அக்கா லாவண்யா தன் குழந்தையைக் குளிக்கவைத்துவிட்டுத் தூளிக்கு அடியில் தணல் வைத்துச் சாம்பிராணி போடுவதை அவன் தினமும் பார்த்தவன், "பாப்பா மட்டும் கதகதன்னு தூங்குது பாரு, அக்கா எனக்கும் ஒரு சட்டி வெய்யேன்" என்று கிண்டல் வேறு பண்ணுவான். மறுநாள் அதையே செய்திருக்கிறான் பாவி. சமைத்த அடுப்பிலிருந்து கரித்தணலைச் சட்டியில் வாரிப் படுக்கைக்கு அடியில் வைத்து, தூறல் விழுகிறது என்று தார்ப்பாயை நாலு பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். வீட்டில் என்றால் ஜன்னல் திறந்திருக்கும், பக்கத்திலேயே ஆள் நிற்போம், புகை காட்டியதும் சட்டியை எடுத்துவிடுவோம். அது அவனுக்குத் தோன்றவில்லை. கரியின் விஷக்காற்றுக்கு வாசனையே கிடையாது என்றார் டாக்டர். காலையில் எழுப்பப் போனால், போர்த்தியது போர்த்தியபடியே இருந்தானாம்.

காரியம் எல்லாம் முடிந்தது. லாவண்யா தூளியை அவிழ்த்துவிட்டாள், குழந்தை பாயில் கிடந்து அழுகிறது. உன் அப்பா அந்த ஊஞ்சல் துணியைக் கொளுத்தியே தீருவேன் என்று நிற்கிறார். உன்மேல் தப்பு என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, ஆனால் அப்படி நினைக்கிறவர்களும் துக்கத்துக்கு வந்துபோனார்கள், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு இப்போது உன்னை நினைத்துத்தான் பயம். என்ன குளிர் அடித்தாலும் தார்ப்பாய்க்குள் தணல், அடுப்பு எதுவும் வைக்காதே, என்மேல் ஆணை. என் பழைய புடவைகளுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைத்து, மூலைக்கு மூலை நாடா போட்டு அனுப்பியிருக்கிறேன், படுக்கைக்கு அடியில் தொட்டும் தொடாமலும் தொங்கும்படி கட்டிக்கொள். கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்த ரெண்டாம் நாள் கேசவ் உனக்கு வாட்ஸ்அப்பில், "அக்கா, முதுகு சில்லுனு ஆவுது, அடியில இன்னா போட்டுக்கணும்?" என்று கேட்டிருக்கிறான். நீ மலைமேல் இருப்பதால் அது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. ஊருக்குள் இறங்கினதும் உன் போனில் வந்து விழும், ஒன்றும் தெரியாமல் நீ சிரித்துக்கொண்டே பதில் போட்டுவிடக் கூடாது என்றுதான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். அவன் போன் சித்தி கையில் இருக்கிறது. சார்ஜ் இறங்க விடுவதில்லை, சோறு தின்னும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நீ நல்லபடியாக இறங்கி வரவேண்டும், என் ஆயுசும் சேர்த்து உனக்கே இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கீழே வந்ததும் உன் போனைத் திறக்காமல் ரக்ஷிதா போனிலிருந்து முதலில் சித்தியைக் கூப்பிடு. அந்த டிக் ரெண்டாவதற்குள் அவள் உன் குரலைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
வனஜா