பாதியில் சிக்கிய கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா?

ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். எனக்குத் தனி அறை இல்லை. ஆறு பேருக்கு ஓர் அறை கொடுத்த முதலாளி, தன் மூன்று கார்களுக்கு மூன்று ஷெட் கட்டியிருக்கிறார். நான் உன்னிடம் பேசுவதெல்லாம் என் பழைய காருக்குள் உட்கார்ந்துதான். "என்னடா, ரூமுக்குள்ள லாரி போகுது?" என்று கேட்டாயே, காரின் ஜன்னல் கண்ணாடி பாதியில் சிக்கியிருந்ததால் வந்த சத்தம் அது.

போன வாரம் கார் நடுவழியில் நின்றுவிட்டது. பயப்படாதே, எனக்கொன்றும் ஆகவில்லை. என் அறையில் இருப்பவர்கள்தான் தள்ளிவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "இன்ஜின் செத்துப்போச்சு தம்பி. பேசாம பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிடுங்க."

"இன்ஜின் கிடக்கட்டும்ணே. கண்ணாடிய மட்டும் மேல ஏத்திக் குடுங்க."

"ஓடாத வண்டிக்குக் கண்ணாடி எதுக்கு? உள்ள குடித்தனமா பண்ணப்போறீங்க?"

"அம்மாகிட்ட பேசணும்ணே."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைக் கழற்ற ஆரம்பித்தார்.

இனி வேலைக்கு நடைதான், அரை மணி நேரம். லீவில் நம்மூருக்கு வந்திருக்கும் எங்கள் ஃபோர்மேன் திரும்பும்போது அவரிடம் ஒரு சின்னத் தலையணை கொடுத்தனுப்பு, பின்சீட்டுக்கு. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. இனி நீ கத்த வேண்டாம். மெதுவாகப் பேசினாலே கேட்கும்.

உன் மகன்