நைனாவின் லேத்தும் என் பூ மிஷினும்

தங்கமான என் நைனாவுக்கு,

நகக்கண்ணில் கிரீஸ் இல்லாமல் ஒருநாளும் சோற்றில் கை வைக்காத மனுஷனே, எப்படி இருக்கிறாய்? அங்கேயாவது கரண்ட் ஒழுங்காக வருகிறதா? நீ போன பிறகு வந்த நாலாவது ஆயுத பூஜை இது. இந்தப் பூஜையில் நடந்த கூத்தை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு வயிறு உப்பிவிடும். அம்மா மிச்சப் பொரியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த இடைவெளியில் எழுதுகிறேன்.

பத்து நாளாக நம் வீட்டில் ஒரே பேச்சுதான். நான் எம்பிராய்டரி மிஷின் வாங்குவதா, வேண்டாமா? துணியை ஒரு வளையத்தில் மாட்டிப் பட்டனைத் தட்டினால் அதுவே பூப்போடும், அதுவே எழுத்தும் எழுதும். நூல் அறுந்தால் கோத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. அம்மா அதற்குப் பூ மிஷின் என்று பெயரே வைத்துவிட்டாள்.

வெறும் ஆசைக்கு இல்லை, நைனா. பூந்தமல்லி போகிற வழியில் புதிதாக ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்திருக்கிறது. பிள்ளைகளின் சட்டைப் பையில் தைக்க பேட்ஜ் வேண்டுமாம். நடுவில் ஒரு விளக்கு, சுற்றிலும் பள்ளிக்கூடத்தின் பெயர். நான் தைத்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாவே என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். "வருஷா வருஷம் உனக்கே தரேன். ஆனா பூஜை லீவு முடிஞ்சதும் பதில் சொல்லிடணும்" என்றார்கள். பகல் முழுக்க மிஷின் பக்கத்தில் இருந்தால்தான் அந்த வேலை முடியும். அப்படியென்றால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு வருஷமாகப் போய்வருகிற எக்ஸ்போர்ட் கம்பெனி வேலையை விட்டுவிட வேண்டும்.

இங்கேதான் உன் லேத் வந்து குறுக்கே நின்றது.

நீயும் இப்படித்தானே கம்பெனி வேலையை விட்டாய்? சொந்தத் தொழில் என்று சொல்லி, மாட்டுவண்டியில் இரும்பு கடைகிற ஒரு பழைய லேத்தைக் கொண்டுவந்து இறக்கினாய். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் வேடிக்கை பார்க்கப் போகிற மாதிரி தெருவே திரண்டு வந்தது. கதவு நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே தள்ளினார்கள். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, ஒயரைக் கையில் எடுத்த பிறகுதான் உனக்கே உறைத்தது. அது த்ரீ பேஸ் கரண்டில் ஓடுகிற லேத். நம் வீட்டில் இருந்ததோ ரெண்டு பல்புக்கும் ஒரு ஃபேனுக்குமான ஒற்றை பேஸ். இருபது வருஷம் லேத் ஓட்டியவனுக்கு, வீட்டில் என்ன கரண்ட் வருகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. கம்பெனியில் அது எப்போதும் சுவரில் தயாராக இருந்தது, பாவம்.

நீ லேசில் விடுகிற ஆளா? வேறு மோட்டார் மாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓட்டிப் பார்த்தாய். தெருவெல்லாம் வோல்டேஜ் இறங்கி, டிவியில் கதாநாயகி பாதியாகச் சுருங்கிப்போனாள். எதிர்வீட்டு அண்ணாத்தே சட்டைகூடப் போடாமல் ஓடிவந்தார். "யோவ், இன்னாய்யா பண்ற? கிளைமாக்ஸ் ஓடிகினு கீது!" அன்றைக்குத் தெருவே சிரித்தது, நீயும் சேர்ந்துதான் சிரித்தாய்.

மறுநாள் திங்கட்கிழமை. விட்ட வேலையைத் திருப்பிக் கேட்டு அதே ஃபோர்மேனிடம் போனாய். தினக்கூலியாகச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று காலையில் டிபன் கேரியரை மூன்று தடவை கழற்றி மாட்டிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பதிமூன்று வயசுப் பெண்ணாக நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை எனக்கும் வந்துவிடுமோ என்பதுதான் என் பயமெல்லாம்.

அதற்குப் பிறகு லேத்தில் பாவாடை காய்ந்தது, வெங்காயக் கூடை தொங்கியது, நான் அதில் சாய்ந்துகொண்டு பரீட்சைக்குப் படித்தேன். அம்மா அதைத் திட்டாத நாளே கிடையாது. ஆனால் பழைய இரும்புக்காரர் வந்து விலை கேட்டபோதெல்லாம் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினவளும் அவள்தான். அது ஏன் என்று உனக்காவது எப்போதாவது சொல்லியிருக்கிறாளா?

சரி, கதைக்கு வருகிறேன். மிஷின் விற்கிறவர் டை கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பத்து நாள் வைத்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"சார், இது எத்தினி பேஸ்?"

மனுஷன் திருதிருவென்று விழித்தார். "மிக்ஸி சொருவுற பிளக்குலயே சொருவலாம்மா."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "சொருவிக் காட்டச் சொல்லுடி. அப்பால பேசிக்கலாம்."

ஓடியது, நைனா. ஆனால் அந்த வளையம் இப்படியும் அப்படியும் பாய்கிற வேகத்தில் நம் மர மேஜை சாமி வந்தது போல ஆடியது. பேட்ஜை எடுத்துப் பார்த்தால் விளக்கு ஒரு பக்கம், சுடர் இன்னொரு பக்கம். மேஜைக் காலுக்கு அட்டை வைத்தேன், பழைய செருப்பை அறுத்து வைத்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. "பழகப் பழகச் சரியாப் போவும்" என்றார் டைக்காரர். ஒன்பது நாள் பழகினேன். சுடர் விளக்குக்குத் திரும்பவே இல்லை.

உன் மாப்பிள்ளையிடம் கேட்டேன். நம் வீட்டோடுதான் இருக்கிறார், ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பஸ் ஓட்டுகிறார். "என்ன ஏன் கேக்குற? ஒரு விசில் அடிச்சா நிப்பேன், ரெண்டு விசில் அடிச்சா போவேன். நீயே விசில் அடி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு நிம்மதி. "ஓடாத மிசினு ஒரு ஊட்டுக்கு ஒண்ணு போதும்" என்றாள். பூஜை லீவு முடிந்து வந்து எடுத்துக்கொள்வதாக டைக்காரரும் சொல்லிவிட்டார்.

ஆயுத பூஜைக்கு நம் வீட்டில் பீடம் எதுவென்று உனக்குத் தெரியாதா? நீ பழக்கினதுதானே. லேத்தின் மேல் பலகையைப் போட்டு, கத்தரிக்கோல், அரிவாள்மணை, இஸ்திரிப் பெட்டி, மாப்பிள்ளையின் லைசென்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தோம். கூட்டித் துடைக்க இடமில்லை என்று பூ மிஷினையும் தூக்கி அதே பலகையில் ஓரமாக வைத்தோம். புருஷன் போனவள் பொட்டு வைக்கலாமா என்று முதல் வருஷம் யாரோ கேட்டார்கள். "மிசினுக்கு வெக்கிறதுக்கு எவன கேக்கணும்?" என்று அம்மா அன்றைக்கே வாயை அடைத்துவிட்டாள். இந்த வருஷமும் வழக்கம்போல முதல் பொட்டு உன் லேத்துக்கு. பிறகு வரிசையாகச் சந்தனம், குங்குமம், சந்தனம், குங்குமம் என்று வைத்துக்கொண்டே போனவள், பூ மிஷினுக்கும் மூன்று பொட்டு வைத்துவிட்டாள்.

"அம்மா! அது திருப்பிக் குடுக்குற மிசினும்மா!"

அவள் கை அப்படியே நின்றது. "அய்ய... வெச்சிட்டனே. வரிசையா வெச்சிக்கினே வந்தனா, கை தானா பூடுச்சி." துடைக்கச் சொன்னேன். "பூஜைல வெச்ச பொட்ட அழிக்கிறதா? நல்லா கீது நாயம்!" என்று என்மேலேயே பாய்ந்தாள்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த சாமானை எடுத்து அன்றைக்குக் கொஞ்சமாவது வேலை செய்தாக வேண்டுமே. அம்மா விடவில்லை. "அனுப்புறத அனுப்பு. இன்னிக்கி ஒரு பூவாவது போட்டுட்டு அனுப்பு." மிஷினைக் கீழே இறக்கச் சோம்பல்பட்டு, பலகை மேல் இருந்தபடியே பிளக்கைச் சொருகி, விளக்கு டிசைனைத் தட்டிவிட்டேன்.

ஒரு ஆட்டம் இல்லை, நைனா! வளையம்தான் பாய்ந்தது. பலகை அசையவில்லை, பக்கத்துத் தட்டில் இருந்த பொரிகூட உருளவில்லை. சுடர் நேராகப் போய்த் திரியின் நுனியில் உட்கார்ந்தது. நம்ப முடியாமல் இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. அத்தனை கனமான இரும்பு கீழே இருக்கும்போது எது ஆடும்?

அம்மா அந்தத் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு லேத்தைத் தட்டினாள். "அடப்பாவி மனுசா... மிசினு வாங்கினேன்னு இல்ல சொன்ன? நீ மேச வாங்கி வெச்சிட்டுப் பூட்டிருக்க!" சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீ போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"போய் அந்த ஸ்கூல் அம்மாகிட்ட சரின்னு சொல்லிடு. கம்பெனில எழுதிக் குடுத்துடு."

"நாளைக்கு எதுனா ஆச்சின்னா?"

"ஆச்சின்னா திங்கக்கெழம போய் வேல கேளு. உங்க நைனா போவல? அதுல அவரு கொறஞ்சா பூட்டாரு? புள்ளைங்களுக்கு சோறு போட்ட திங்கக்கெழமடி அது."

பதினாலு வருஷமாக ஜன்னலில் நின்றுகொண்டிருந்த அந்தப் பதிமூன்று வயசுப் பெண் அப்போதுதான் கீழே இறங்கினாள்.

நாளைக் காலையில் கம்பெனியில் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி உன் லேத்தில் வெங்காயக் கூடை தொங்காது. ஒவ்வொரு பூஜைக்கும் முதல் பொட்டு அதற்குத்தான். என்றைக்காவது எனக்கும் அப்படி ஒரு திங்கட்கிழமை வந்தால், டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு உன்னை மாதிரியே போவேன்.

உன் லேத்துக்கு ஒருவழியாக வேலை கொடுத்த,
உன் பெரிய பொண்ணு,
சரசு