கதவின் இடைவெளி

பிப்ரவரி 4

தம்பிக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அப்பா போன பிறகு நீயும் ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. யார் முதலில் எழுதுவது என்ற போட்டியில் நான் தோற்றதாகவே வைத்துக்கொள். உனக்குத் தோற்றுப் பழக்கமில்லை. எனக்கு உண்டு.

எழுத வைத்தது ஒரு புகைப்படம். உன் மனைவி புத்தாண்டு வாழ்த்தோடு சேர்த்து அனுப்பியிருந்தாள். ஷெட்டுக்கு வெளியே அப்பாவின் கார். சாம்பல் கலந்த அதே பச்சை, கம்பிச் சக்கரங்களில் வெயில். நீ பானெட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, புலியைச் சுட்டவன் மாதிரி நிற்கிறாய். உள்ளே உன் மகள் சுண்டெலி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சிரிக்கிறாள். என்ன உயரம் வளர்ந்துவிட்டாள்! சுண்டெலி என்று இனிக் கூப்பிட முடியுமா என்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு கதவைப் பார்த்தேன்.

அந்தக் கார் உன் கைக்கு எப்படி வந்தது என்பது நம் இருவருக்கும் தெரியும். நான் ஷெட்டு வாசலில் நிழலாடினாலே அப்பா, "படிக்கிறவனுக்கு இங்க என்னடா வேலை? போய்ப் புஸ்தகத்த எடு" என்று விரட்டுவார். மார்க் வாங்காத உன் கையில் ஸ்பானர். மார்க் வாங்கிய எனக்கு முகத்துக்கு நேரே சாத்திய தகரக் கதவு. நன்றாகப் படித்ததற்குத் தண்டனை வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படிப்பும் என்னை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் மேலே அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இன்னும் பாலங்களுக்கு அடியில் டார்ச் அடித்து விரிசல் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று: எது தாங்குகிறது, எது தொங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.

உன் கார்க் கதவின் பின் விளிம்பில், மேலே ஒரு காகிதம்கூட நுழையாது. கீழே விரலை விடலாம். மூலைக்கடை டிங்கரிங் பட்டறையில்கூட இப்படிக் கோணல் கதவோடு வண்டியை வெளியே விடமாட்டார்கள். பழக்கூடையின் மூடி இதைவிட நன்றாகப் பொருந்தும். அப்பா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்தை மாற்றினாயா? எப்படி மாற்றினாய்? எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபோது உன் கடிதம் வந்தது. இவள் ஓடி வந்து, "என்னங்க, உங்க அண்ணன் எழுதியிருக்காரு!" என்றாள். "யாரு போயிட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். யாரும் போகவில்லை, கதவுதான் கோணல் என்று தெரிந்ததும் நிம்மதியாகிவிட்டது.

நலமா என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் நலம். இவளுக்கு முட்டி வலி. சுண்டெலி பள்ளியை முடிக்கப் போகிறாள். என் முன்மண்டையில் நீ கடைசியாகப் பார்த்த முடி இப்போது இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறாயா, அல்லது அதையும் யார் மீதாவது கோபித்துக்கொண்டு நிறுத்திவிட்டாயா?

பழக்கூடை மூடி என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. கடிதத்தைக் கசக்கித் தூர எறிந்தேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன். ஏனென்றால் அந்தக் கதவு எனக்கும் கண்ணில் விழுந்த தூசு மாதிரி உறுத்திக்கொண்டேதான் இருந்தது. மறுநாளே கிரைண்டரை எடுத்து மேல் விளிம்பை இழைத்தேன். கீழே இருந்த சந்தில் பட்டிப் பசையை அப்பி நிரப்பி, தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடித்தேன். இப்போது மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரே இடைவெளி. இதோடு புதுப் புகைப்படம் வைத்திருக்கிறேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார். குறை சொன்னதற்கு நன்றி. நிஜமாகவேதான் சொல்கிறேன்.

சட்டத்தைப் பற்றிக் கேட்டாய். நானே மாற்றினேன். பழைய தகரம் கை வைத்தால் சருகு மாதிரி உதிர்ந்தது. முன்னாலும் பின்னாலும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். கதவுகள் இடைஞ்சலாக இருந்தன, கழற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் அறுத்து எடுத்துவிட்டு, புதிய சட்டத்தை வைத்து வெல்டிங் அடித்தேன். எஞ்சினை இறக்கவில்லை. கூடப் பிடிக்க ஆள் வேண்டாமா? இருக்கிற ஒரே அண்ணன் பாலத்துக்கு அடியில் இருக்கிறான்.

கார்புரேட்டர் இரண்டையும் அப்பா செய்த மாதிரியே, ரப்பர்க் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மூச்சுச் சத்தம் ஒத்துப்போகிறதா என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தேன். இப்போது தூங்குகிற குழந்தை மாதிரி ஓடுகிறது.

ஏப்ரல் முதல் ஞாயிறு பழைய கார்ச் சங்கத்தின் மலையேற்ற ஓட்டம். பக்கத்து சீட்டில் சுண்டெலிதான் வருகிறாள். "பெரியப்பாவையும் கூப்பிடுப்பா. மேல வந்து காத்திருக்கட்டும், நான் கைய ஆட்டுறேன்" என்றாள். கூப்பிடுகிறேன். வா அண்ணா. வந்து பழக்கூடை என்று மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 22

தம்பி,

உன் கடிதத்தை அலுவலக வராந்தாவில் நின்றபடி படித்தேன். முடித்ததும் அங்கேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் கதவைப் பற்றி எழுதியதை நீ அழகைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொண்டாய். கோணல் இருப்பது கதவில் இல்லையடா. அது காரின் முதுகில் இருக்கிறது. கதவு அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். நீ அதன் வாயை அடைத்துவிட்டாய். பாலத்தில் இப்படி ஒரு விரிசலை யாராவது சிமெண்ட் பூசி மறைத்திருந்தால் அன்றைக்கே சாலையை மூட வைப்பேன்.

கூரையுள்ள காரைக் கூரையும் கொஞ்சம் தாங்கும். நம் காருக்குக் கூரையே இல்லை. அதன் முதுகெலும்பு கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் அந்தச் சட்டங்கள்தான். அவற்றை அறுப்பதற்கு முன்னால், கதவு இருந்த வாசலில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். நீ முட்டும் கொடுக்கவில்லை, எஞ்சினையும் இறக்கவில்லை, இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அறுத்தாய். உடல் நடுவில் தொய்ந்திருக்கிறது. தொய்ந்த நிலையிலேயே புதுச் சட்டத்தை ஒட்டியிருக்கிறாய். எதன் மேல் ஒட்டினாய்? சருகாக உதிர்ந்த அதே தரையின் விளிம்பில்தானே?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் ஒரு சோதனை செய். கார் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். நீயும் சுண்டெலியும் ஏறி உட்காருங்கள். கதவைத் திறந்து பாருங்கள். மாட்டினால், அந்தக் காரை ஓட்டாதே. நம் தெருமுனைவரைகூட ஓட்டாதே.

அவளுடைய புகைப்படம் என் மேஜையில் இருக்கிறது. அவள் முழங்கை அந்தக் கதவின் மேல் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் என் கண் முழங்கையில் நிற்கவில்லை, அடியில் இருக்கும் தகரத்துக்கு இறங்கிவிடுகிறது.

அப்பா என்னை அந்த ஷெட்டுக்குள் விட்டிருந்தால் இந்த வேலை இப்படி நடந்திருக்காது. தகுதியில்லாதவன் கையில் தூக்கிக் கொடுத்தார். அதன் பலனை அவர் இருந்து பார்க்கப் போவதில்லை, நாம் பார்க்கப் போகிறோம்.

உடனே பதில் எழுது.

உன் அண்ணன்

*

மார்ச் 6

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு அப்போது கையெல்லாம் கிரீஸ், அதனால் இவளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். "தகுதியில்லாதவன்" என்ற இடத்தில் இவள் நிறுத்திவிட்டாள். சுண்டெலி படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரியப்பா யாரச் சொல்றாரு?" என்றாள். "உங்கப்பனத்தான்" என்றேன்.

அப்பாவுக்கு நடக்க முடியாமல் போன பிறகு, அவரைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காரில் உட்கார வைத்தது இந்தத் தகுதியில்லாதவன். ஓடாத காரில் உட்கார்ந்து கியரை மாற்றிக்கொண்டிருப்பார். அப்போது உங்களுக்கு ஏதோ மாநாடு. பிறகு இன்னொரு மாநாடு.

இருந்தாலும் படித்தவர் சொன்ன சோதனையைச் செய்தேன். நானும் சுண்டெலியும் ஏறி உட்கார்ந்தோம். அவள் பக்கத்துக் கதவு அசையவில்லை. "அப்பா, மாட்டிக்கிச்சுப்பா!" என்று கத்தினாள். "தாண்டிக் குதிடி! ரேஸ்காரங்க பின்ன எப்படி இறங்குவாங்க?" என்றேன். குதித்தாள். பாவாடை கைப்பிடியில் மாட்டிக் கிழிந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இந்த வீட்டில் சிரிப்பு உண்டு, உங்களுக்குத் தெரியாது. மறுநாள் விளிம்பை இன்னும் கொஞ்சம் இழைத்தேன். இப்போது திறக்கிறது. பிரச்சினை தீர்ந்தது.

ஓட்டத்தன்று காலை சங்கத்தின் பரிசோதகர் காரைப் பார்ப்பார். போன வாரம் வீட்டுக்கு வந்தவர், "பெயிண்டப் பாத்தே பாஸ் போட்டுடலாம் சார்" என்றார். அவரும் படித்தவர்தான்.

அழைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பெயரோ கையெழுத்தோ தெரியும் உறை இனி இந்த வீட்டில் பிரிக்கப்படாது.

இப்படிக்கு,
உங்கள் தம்பி

*

மார்ச் 27

இந்த உறையின் மேல் முகவரியை எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணிடம் அடித்து வாங்கினேன். சங்கத்திலிருந்து வந்ததென்று நினைத்துப் பிரித்திருப்பாய். நீ பிரித்தாலும், உன் மனைவி பிரித்தாலும், சுண்டெலி பிரித்தாலும், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

உன் கடைசிக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களும் பிரிக்காமல் திரும்பி வந்தன. போன் செய்தேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். மறுபடி செய்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. நேரில் வரலாம் என்று பெட்டியைக்கூட எடுத்து வைத்தேன். வந்தால் என்ன நடக்கும்? நீ வாசலிலேயே நிறுத்துவாய். நான் அப்பாவை இழுப்பேன். நீ மாநாட்டை இழுப்பாய். தெருவே வேடிக்கை பார்க்கும். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே நான் திரும்பி வருவேன். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

அதனால் காரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கதவு மாட்டியது என்று எழுதியிருந்தாய். நீங்கள் இரண்டு பேர் உட்கார்ந்த கனத்துக்கே அந்த உடல் வளைந்திருக்கிறது. மலைச்சாலையில் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கினால் அந்தக் கனம் பல மடங்காகும். வளைவில் திரும்பும்போது இன்னும் மோசம். அப்போது அவள் பக்கத்துக் கதவு திறக்காமல் போகலாம், அல்லது தானாகத் திறந்துகொள்ளலாம். எது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் இரண்டும் மாறி மாறி வருகின்றன. பாலத்துக்கு அடியில் நிற்கும்போது மேலே லாரி போனால் இப்போதெல்லாம் வெளியே ஓடிவந்துவிடுகிறேன். கூட இருப்பவர்கள் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சீட்டுகளைக் கழற்று. தரை விரிப்பை எடு. சட்டமும் தரையும் சேரும் விளிம்பில் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து ஓங்கிக் குத்து. பெயிண்ட் போகுமே என்று பார்க்காதே. எங்காவது அது உள்ளே இறங்கினால், காரை ஷெட்டுக்குள் தள்ளி வைத்துவிடு. அது தீராத நோயல்ல. எஞ்சினை இறக்கி, முட்டுக் கொடுத்து, நல்ல தகரம் வரும்வரை அறுத்து, மறுபடி வைத்தால் உன் பேரப்பிள்ளைகளும் ஓட்டலாம். உன்னால் முடியும். மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக் கார்புரேட்டரைச் சரிசெய்யும் காது எனக்குக் கிடையாது, உனக்குத்தான் இருக்கிறது. இதை நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

சங்கத்தின் பரிசோதகருக்கும் தனியாக நாலு வரி எழுதி உறையில் போட்டுவிட்டேன். பச்சைக் காரின் பெயிண்டைப் பார்க்க வேண்டாம், அடியில் குத்திப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதில் பெயர் போடவில்லை. போட்டால் அவர் உன்னைக் கேட்பார். "எங்கண்ணன் சார், பொறாமை" என்பாய். இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பாஸ் போட்டுவிடுவீர்கள். மொட்டைக் கடிதம் எழுதுகிறவனை நான் மனிதனாகவே மதித்ததில்லை. இன்று நானே எழுதிவிட்டேன். உனக்குத் தெரிந்துவிடும். ஊர் நடுவில் என் காரை நிறுத்தினான் என்று ஆயுளுக்கும் என் முகத்தில் விழிக்கமாட்டாய். சரி, விழிக்காதே. சுண்டெலி உன்னோடு சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருந்தால் போதும்.

இந்தக் கடிதத்தின் கீழே "உன் அண்ணன்" என்று எழுதப் பேனாவை வைத்தேன், எடுத்துவிட்டேன். பெயர் இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஆகிவிட்ட பிறகு, "பாருங்கள், நான் அப்போதே எழுதினேன்" என்று நாலு பேரிடம் காட்ட எனக்கு ஓர் அத்தாட்சி இருக்கும். மனத்தின் ஏதோ ஒரு மூலை அந்த அத்தாட்சிக்கு ஆசைப்படுவதும் எனக்குத் தெரிகிறது. மலைச்சாலையைவிட அந்த மூலைதான் இப்போது எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. அந்த அத்தாட்சி எனக்கு வேண்டாம். கையெழுத்தில்லாமல் இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.