நான்கு மில்லி ஆம்பியர்

பதிவு 211 – 08:10
நிலவின் தென்முனை, மூன்றாம் பனிச்சுரங்கம். எழுதுவது மின்பொறியாளர் இசக்கியம்மாள். இங்கே மூன்று பேர் இருக்கிறோம்: நான், என் வீட்டுக்காரர் சுடலைமுத்து, துளைப்பு இயந்திரம் ஓட்டும் பவுல்ராஜ்.

வெளியே போய்வரும் காற்றறையின் அழுத்த சென்சார் காலையிலிருந்து சண்டித்தனம் செய்கிறது. அறை வெற்றிடமாக இருந்தால் அதன் வயரில் 4 மில்லி ஆம்பியர் வர வேண்டும். காற்று நிறைந்தால் 20. அதை நம்பித்தான் கன்ட்ரோலர் கதவுகளைத் திறக்கிறது: 4 வந்தால் வெளிக்கதவு, 20 வந்தால் நடைவழிப் பக்கத்து உள்கதவு. இன்று வெற்றிடத்திலேயே 7 காட்டுகிறது. மதியம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன்.

ஊருக்குத் திரும்பும் கப்பலில் ஒரே ஒரு இடம்தான். யார் போவது என்ற சண்டையில் நேற்று பவுல் ஸ்பேனரால் அடித்து என் வீட்டுக்காரரின் பல்லைப் பெயர்த்துவிட்டான். இன்று இருவரும் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆம்பளைகளின் ரோஷம் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும் போல.

பதிவு 212 – 11:42
சுடலை செத்துப்போனார்.

பவுல் வெளியே போயிருந்தான். வெளிக்கதவு திறந்து கிடந்தது. அப்போது உள்கதவும் தானாகத் திறந்துவிட்டது. நடைவழியில் இருந்த காற்று மொத்தமும் வெளியே பாய்ந்து அவரை இழுத்துப் போனது. பாதி திறந்த கதவில் இடுப்பு மாட்டிக்கொண்டது. அபாய மணி அடித்ததும் கதவு தானாக மூடப் பார்த்தது. முடியவில்லை. மறுபடி பார்த்தது. மூன்றாம் முறை மூடிவிட்டது.

எல்லாவற்றையும் கேமராவில் பார்த்தேன். என் அறைக் கதவு பூட்டியிருந்ததால் நான் பிழைத்தேன்.

பதிவு 213 – 12:30
நடைவழியில் காற்றை நிரப்பிவிட்டுப் போனேன். முதல் வேலையாக உள்கதவு மோட்டாரின் வயரைப் பிடுங்கினேன். தரையில் கிடந்ததைப் பற்றி எழுத மாட்டேன்.

வயர் பெட்டியைத் திறந்தால் சென்சார் வயரில், சென்சார்களைச் சரிபார்க்கும் பவுலின் கேலிபிரேட்டர் மாட்டியிருக்கிறது. அவன் பெயரைச் சுரண்டி வைத்திருக்கும் அதே கருவி. திரையில் 19.6. இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டப் பொய் மின்னோட்டத்தை ஊட்டினால் போதும், கன்ட்ரோலர் கதவைத் திறந்துவிடும். காலையில் வந்த 7 இதற்கு ஒத்திகை போலிருக்கிறது. பல்லோடு விட்டிருக்கக் கூடாதா, பாவி.

பவுல் என் புருஷனைக் கொன்றுவிட்டான் என்று தலைமையகத்துக்குத் தகவல் அனுப்பினேன். கப்பல் வரும்வரை அவனைப் பூட்டி வைக்கச் சொன்னார்கள்.

பதிவு 214 – 13:05
பவுல் காற்றறைக்குள் வந்தான். வெளிக்கதவை மூடி, வால்வைக் கையால் திருகிக் காற்றை நிரப்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றியவன் அண்ணாச்சி எங்கே என்றுதான் முதலில் கேட்டான். நான் கண்டதைச் சொன்னேன். ஸ்பீக்கரில் அவன் அழுதது கேட்டது.

"மதினி, சத்தியமா நான் ஒண்ணும் செய்யல. அண்ணாச்சிதான் கருவிய மாட்டிப் பாருலேன்னு சொன்னாவ. வயருல எங்கயோ கசியுது மதினி."

சென்சார் வயரைக் கழற்றிவிட்டு அவன் கேலிபிரேட்டரையே கன்ட்ரோலரில் மாட்டினேன். சுவிட்சைத் தள்ளி 4 வைத்தேன். அறை வெற்றிடம் என்று கன்ட்ரோலர் நம்பியது. வெளிக்கதவுப் பொத்தானை அழுத்தினேன்.

விளக்கு நிறம் மாறியதைப் பார்த்துவிட்டான். ஹெல்மெட்டை மாட்ட நேரமில்லை. அதைக் கொண்டே உள்கதவின் கண்ணாடியில் அடித்தான், பிறகு நெற்றியால் முட்டினான். கண்ணாடியில் வழிந்த இரத்தம் கொதித்துக் காய்ந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பதிவு 215 – 13:50
கேலிபிரேட்டரை எடுத்துவிட்டு சென்சார் வயரைத் திரும்ப மாட்டினேன். வெளிக்கதவு திறந்துதான் கிடக்கிறது. அறையில் பொட்டுக் காற்று கிடையாது. 4 வர வேண்டும்.

19.6.

கேலிபிரேட்டர் என் கையில் இருக்கிறது. வயரில் வேறு எதுவுமில்லை. இருந்தும் 19.6.

வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். கதவுத் தண்டவாளம் உரசி ஓர் இடத்தில் தோல் உரிந்திருக்கிறது. பக்கத்து 24 வோல்ட் வயரும் அங்கேயே உரிந்திருக்கிறது. நடுவில் ஈரப் புழுதி அப்பிக் கிடக்கிறது. மின்னோட்டம் அதன் வழியாகக் கசிகிறது.

இந்தக் கருவி ஊட்டவும் செய்யும், அளக்கவும் செய்யும். 4 வைக்கும்போது சுவிட்சை 'ஊட்டல்' பக்கம் நான்தான் தள்ளினேன். அதுவரை 'அளவு' பக்கம் இருந்தது. பெட்டியில் நான் பார்த்தபோதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் திரையை மட்டும்தான் பார்த்தேன்.

அவன் அளந்துகொண்டுதான் இருந்தான். பவுலு, ஐயா

பதிவு 216 – 14:20
தலைமையகம்: "இசக்கியம்மாள், கொலைகாரன் உயிரோடு இருக்கிறானா?"

நான் அனுப்பிய பதில்: "இருக்கிறாள்."