தோற்றவன் வீட்டில் கேக்

உன் மனைவி அனுப்பிய பொதி நேற்று, சுவிசில் நான் இருக்கும் லாங்கன்தாலுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே, புல்வெளியில் குத்தி வைக்கும் உன் தேர்தல் பலகை. நீலத்தில் உன் பெயர், கீழே ‘மேயருக்கு’. கட்சியும் இல்லை, சின்னமும் இல்லை. நீ செத்துப்போன பிறகும் அதைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் வந்தது பழைய பொறாமைதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரே பத்திரிகையில், ஒரே மேசையில் நிருபர்களாக இருந்தோம். நீ அமெரிக்காவுக்குப் போனாய், நான் சுவிசுக்கு வந்தேன். இங்குள்ள தமிழ்ப் பத்திரிகைக்காக இந்த வட்டாரத்தில் நான் செய்தி எழுதாத நகரசபைத் தேர்தல் இல்லை. குடியுரிமை இல்லாமல் நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் உள்ள ‘சீ பெர்மிட்’காரனான எனக்கு அவற்றில் ஒன்றிலும் வாக்கில்லை. நீயோ அங்கே வேட்பாளனாகவே நின்றாய்.

“எந்தக் கட்சி?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“மச்சான், இந்த ஊரில மேயர் தேர்தலுக்குக் கட்சியே இல்லை. வாக்குச் சீட்டில வெறும் பேர்தான்.”

“அப்ப ஆர் ஆரின்ர ஆளெண்டு சனம் என்னெண்டு பிடிக்கும்?”

“சனம் அதைக் கேக்கேல்லையடா. ரோட்டுக் குழி எப்ப மூடுவாய் எண்டுதான் கேக்குது.”

“உப்பில்லாத சொதி,” என்றேன்.

பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எதையாவது போடாமல் எனக்குச் செய்தி எழுத வராது. உன் தேர்தல் பற்றிய செய்தியில் வேட்பாளர் நால்வருக்கும் ‘சுயேச்சைக் குழு’ என்று போட்டேன். எங்கள் ஊர்த் தேர்தல்களில் அந்தக் குழுக்களை இலக்கம் போட்டுத்தான் பிரித்தறிவார்கள். பக்கத்து நகரமான சோலோதுர்னிலிருந்து ஒரு வாசகர் அழைத்தார்: “அண்ணை, உங்கட சிநேகிதர் எத்தினையாம் இலக்கச் சுயேச்சைக் குழு? அங்க இருக்கிற மருமகனுக்குச் சொல்லோணும்.” இதைச் சொன்னபோது நீ சிரித்து முடிய வெகுநேரமானது.

முடிவு வந்த அடுத்த நாள் நீயே அழைத்தாய். “தோத்திட்டன், மச்சான்.”

யோசிக்காமல் கேட்டேன்: “இப்ப எங்க நிக்கிறாய்?”

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று உனக்குத் தெரியும். எங்கள் ஊரில் தோற்றவரைத் தேடிப் போனால், வென்றவரின் ஆட்களுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். எந்த உறவினர் வீட்டில் படுக்கிறார் என்று விசாரித்துப் போய்த்தான் பேட்டி எடுப்போம்.

“எங்க நிக்கிறதோ? வீட்டிலதான். எனக்கு எதிரா நிண்டு வென்ற மனிசி அப்பிள் கேக்கோட வந்திருக்கிறா. பொறு, மற்ற அறைக்குப் போய்க் கதைக்கிறன்.”

பின்னால் பெண்கள் சிரிப்பதும் கோப்பைகள் தட்டுப்படுவதும் கேட்டன. ஆறுதல் சொல்ல வேண்டியவன் நான். “சரி, போய்க் கேக்கைச் சாப்பிடு,” என்று வைத்துவிட்டேன். நீ வென்றிருந்தால்கூட அவ்வளவு பொறாமைப்பட்டிருக்க மாட்டேன்.

இப்போதும் இங்கே தேர்தல் முடிவு வந்தால் தோற்றவரைத்தான் முதலில் அழைக்கிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல் கொஞ்சம் தயங்குகிறார்கள். பிறகு, ‘வீட்டில்’ என்கிறார்கள். எழுதிக்கொள்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் கை கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுகிறது.